இரண்டு படிவங்கள்

காலைப் பேருந்து ஏற்காடு ஏரியைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது என் தங்கை மகளின் மடியில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டி இருந்தது. உள்ளே ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவில் ஊசி மருந்து. சேலம் போய்ச் சேரும்வரை அது சூடாகக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து சாய்ந்த பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாள். பெட்டியை மட்டும் சாயவிடவில்லை.

1979-இல் இதே பாதையில் என் அத்தை இறங்கியபோது அவர் மடியில் இருந்தது துண்டில் சுற்றிய ஒரு மரத்தொட்டில். உள்ளங்கை அளவுதான். எஸ்டேட் தச்சர் சில்வர் ஓக் துண்டு ஒன்றை இழைத்துச் செய்துகொடுத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்ட தொட்டில். அத்தைக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருடம். இன்று அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தொட்டில் கட்டிய வேண்டுதல் நிறைவேறவில்லை.

இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் சேர்வராயன் மலை நிறைய மாறிவிட்டது. காப்பித் தோட்டங்களின் ஓரமெல்லாம் விடுதிகள் எழுந்துவிட்டன. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. பிள்ளையில்லாத ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு அன்று எங்கள் சபை என்ன சொன்னது, இன்று என்ன சொல்ல வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் யாரை நாங்கள் தனியே விட்டுவிட்டோம் என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

ஏற்காடு சிலுவைகள் நிறைந்த ஊர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். துரைமார்கள் வந்தார்கள், பங்களாக்கள் எழுந்தன; பின்னாலேயே கோயில்களும் மடங்களும் வந்தன. குளூனி சபைக் கன்னியர் 1894-இல் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினார்கள். மான்ட்ஃபோர்ட் சகோதரர்களின் பள்ளி 1917-இல் வந்தது. ஆங்கிலேயர் கட்டிய ஹோலி டிரினிட்டி கோயில் பிற்பாடு சி.எஸ்.ஐ. ஆனது. எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. தங்கை மகள் வாழப்போன வீடு சி.எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமை ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் பூசைக்கும் பாதிப்பேர் ஆராதனைக்கும் போவது இந்த மலையில் புதிதல்ல.

மாமா எஸ்டேட்டில் மேஸ்திரி. அத்தை பழம் பறிக்கப் போவார். அந்தக் காலத்துப் பெண்கள் கருவைப் பேசிய மொழியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "நாள் தள்ளிப் போயிருக்கு" என்பார்கள். "குளிக்காம இருக்கா" என்பார்கள். நான்கு ஐந்து மாதம் கழித்து, "உள்ள துள்ளுது" என்று வயிற்றில் கைவைத்துச் சிரிப்பார்கள். அந்தத் துள்ளல்தான் உயிரின் முதல் சேதி. அதற்கு முன்னால் இருப்பது நம்பிக்கை. கலைந்துபோனால் "தங்கல" என்ற ஒற்றைச் சொல். அத்தைக்கு இரண்டு முறை நாள் தள்ளிப்போனது. இரண்டு முறையும் தங்கவில்லை.

திருமுழுக்குக்கு அத்தையை யாரும் ஞானத்தாயாகக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை கோயில் வாசலில் பக்கத்து லயத்துப் பெண்ணின் குழந்தையை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். அந்தக் குழந்தையின் பாட்டி வந்து, "பால் குடிக்கிற நேரம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். குழந்தை அழவே இல்லை. அத்தை நெடுநேரம் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கை இன்னும் எனக்குத் தெரிகிறது.

பிரசங்கத்தில் வரும் பெண்கள் எப்போதும் அதே நால்வர்தான்: சாரா, ராகேல், அன்னா, எலிசபெத்து. நால்வருமே கடைசியில் பெற்றுவிட்டார்கள். அத்தை ஒருநாள் பாவசங்கீர்த்தனம் முடிந்து பங்குச்சாமியிடம், "கடைசிவரைக்கும் பெறாமலே இருந்த ஒருத்தி பேரு பைபிள்ல இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறார். சாமி யோசித்துவிட்டு, செபம் செய்யச் சொன்னாராம். பல வருடம் கழித்து நான் தேடிப் பார்த்தேன். தாவீதின் மனைவி மீக்கால் இருக்கிறாள். சாகும்வரை அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் தாவீது ஆடியதை அவள் ஏளனம் செய்த கதையின் முடிவில் அது சொல்லப்படுகிறது. படிக்கிறவருக்குத் தண்டனை என்றே படும். அந்தப் பெயரை அன்று சாமி சொல்லாமல் விட்டது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது.

1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருத்தரித்துப் பிறந்த முதல் குழந்தை. 70 நாள் கழித்து, அக்டோபர் 3-இல், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தாள். இந்த இரண்டு பிறப்புகளுக்கும் நடுவில்தான் அல்பினோ லூச்சியானி போப்பாகி, முப்பத்துமூன்றே நாளில் இறந்தும் போனார். வெனிஸில் பேராயராக இருந்தபோது அவரிடம் லூயிஸ் பிரவுனைப் பற்றிக் கேட்டார்கள். குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். பெற்றோரைக் கண்டிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றார். முறையைப் பற்றிய தன் கேள்விகளையும் அவர் மறைக்கவில்லை. கேள்வியும் கனிவும் சேர்ந்திருந்த அந்தக் குரல் எங்கள் மலைக்கு வந்து சேரவே இல்லை.

வந்து சேர்ந்தது "கூடாது" என்ற சொல் மட்டும். கத்தோலிக்கத் திருச்சபை அதை அவசரப்பட்டுச் சொல்லவில்லை. கணவன் அல்லாத இன்னொருவரின் விந்தைக் கொண்டு கருத்தரிக்கச் செய்வதை 1949-லேயே பன்னிரண்டாம் பியூஸ் மறுத்திருந்தார். சோதனைக் குழாய் குழந்தை பற்றிய விரிவான போதனை 'டோனும் விட்டே' என்ற பெயரில் 1987-இல் வந்தது. அதில் இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, பிள்ளை கணவன் மனைவியின் அன்பில் பிறக்கவேண்டும், மூன்றாமவர் கையால் செய்து தரப்படும் பொருளாகக் கூடாது. இரண்டு, கருத்தரித்த கணத்திலிருந்தே அந்த உயிரை ஒரு ஆளுக்குரிய மரியாதையோடு நடத்தவேண்டும். குழாய் அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், மருந்து சாப்பிடலாம், தாம்பத்தியத்துக்குத் துணைநிற்கும் எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ளலாம். அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சிகிச்சைதான் கூடாது. இந்த வேறுபாட்டை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு மருத்துவரிடமாவது போயிருப்பார். "கூடாது" என்று கேட்டவர் மருத்துவமனைப் பக்கமே போகாமல், தொட்டிலோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் நியாயத்தை நான் முழுவதும் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். அடைபட்ட குழாயோடு, மாதக்கணக்கில் ஊசி குத்திக்கொண்டு, கடன் வாங்கி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கணவன் மனைவிக்கு நடுவில் அன்பு இல்லை என்று என்னால் சொல்லமுடியாது. இரண்டாவது நியாயம் அப்படியில்லை. வயது ஏற ஏற அது எனக்குள் கனத்துக்கொண்டே போகிறது.

உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியில் சபையின் நினைவு நாம் எண்ணுவதைவிட நீளமானது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆன்மா சில வாரங்கள் கழித்தே கருவில் சேருகிறது என்றுதான் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். பாலூட்டிகளின் கருமுட்டையை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், 1827-இல். காக்பர்ன் சேலத்தில் கலெக்டராக இருந்த அதே காலம். அதற்குமுன் எல்லாமே ஊகம்தான். ஆன்மா சேர்ந்த கரு, சேராத கரு என்ற பிரிவைச் சபையின் தண்டனைச் சட்டத்திலிருந்து ஒன்பதாம் பியூஸ் 1869-இல் நீக்கினார். ஆனால் எந்தக் காலத்திலும், சேராத கருவை அழிக்கலாம் என்று சபை சொன்னதில்லை. நாள்கணக்கு மாறியது, கையை எடு என்பது மாறவில்லை.

ஹோலி டிரினிட்டி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஞாபகம் வரும். ஓய்வுபெற்று ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர். அவருடைய நினைவுக்கல் அங்கே இருக்கிறது. 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் மனிதனின் தொடக்கம் எவ்வளவு பழையது என்று காட்டியவர். மனித இனம் எப்போது தொடங்கியது என்று தேடியவரின் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு மனிதன் எப்போது தொடங்குகிறான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கோயிலின் தாய்ச் சபையான இங்கிலாந்து சபையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கான்டர்பரி பேராயர் நியமித்த குழு, தானம் பெற்ற விந்தால் கருத்தரிக்கச் செய்வதைக் குற்றமாகவே ஆக்கச் சொன்னது 1948-இல். மேரி வார்னாக் தலைமையிலான அரசுக் குழு 1984-இல் பதினான்கு நாள் என்ற எல்லையை வகுத்தது: கருவில் உடலின் நடுக்கோடு தோன்றுவதற்கு முன்புவரை ஆராய்ச்சி செய்யலாம், அதற்குமேல் கூடாது. அந்தக் கோடு தோன்றும்வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம்; அதனால் அதுவரை அது ஒரு ஆள் என்று சொல்லமுடியாது என்பது வாதம். விஞ்ஞானம் படித்தவரான யார்க் பேராயர் ஜான் ஹாப்குட் பிரபுக்கள் சபையில் இந்த ஆராய்ச்சிக்கு ஆதரவாகப் பேசினார். கத்தோலிக்கர்கள் ஏற்கவில்லை. அப்படி, ஒரே ஊரின் இரண்டு கோயில்கள் இரண்டு பதில்களோடு நிற்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் இரண்டு பிரசங்க மேடைகளிலிருந்தும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் 1990-இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தையைப் பிறக்கச் செய்தபோது அந்தச் செய்தி எங்கள் லயம்வரைக்கும் வந்தது. அதற்கு ஆகும் பணம் ஒரு மேஸ்திரியின் கனவுக்கும் அப்பால் இருந்தது. அத்தை அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் மனதைப் பிடித்தது வேறு.

1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. மலைக்குக் கீழே பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பாலும் நெல்மணியும் கொடுத்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். கொல்லவேண்டாம், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசே தொட்டில் வைத்தது. அத்தை யாரிடமும் சொல்லாமல் சேலத்துக்குப் போய் அந்தத் தொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தார். "வேண்டாம்னு போடறாங்க கண்ணு. வேணும்னு நான் நிக்கிறேன்" என்றார் என்னிடம். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. தத்தெடுக்கும் உரிமையைத் தந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கச் சட்டமே இல்லை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி ஒரு குழந்தைக்குக் காப்பாளராக மட்டும் ஆகலாம். பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். சொத்தில் தானாக உரிமை வராது. ஒரு வக்கீல் படிவத்தை அத்தையிடம் காட்டினார். வீட்டுக்கு வந்து அத்தை சொன்னது ஒன்றே ஒன்று: "கார்டியன்னு எழுத இடம் இருக்குது. அம்மான்னு எழுத இடமே இல்ல." மாமா வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாளைக்கு நமக்கென்று சொல்லமுடியாத பிள்ளையை எதற்கு வளர்க்கவேண்டும் என்றார்கள். படிவம் அலமாரியிலேயே மஞ்சளாகிப்போனது.

பிள்ளையில்லாதவர்களுக்குச் சபை சொன்ன மாற்று வழி எப்போதும் தத்தெடுப்புதான். 'டோனும் விட்டே'யிலும் அது இருக்கிறது. எங்கள் நாட்டில் அந்த வழியின் வாசல் எங்களுக்கு அடைத்துக்கிடந்ததை எத்தனை பங்குச்சாமிகள் அறிந்திருந்தார்கள்? 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-இன் திருத்தமும் வந்தபிறகுதான் மதம் பாராமல் தத்தெடுக்கும் வழி திறந்தது. ஷப்னம் ஹஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம் அதை ஐயமற உறுதி செய்தது. அத்தைக்கு அப்போது வயது கடந்துபோயிருந்தது. தீர்ப்பை நான் வாசித்துக் காட்டினேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இனி இரண்டாவது படிவம்.

தங்கை மகளுக்கு முப்பத்துமூன்று வயது. சின்ன வயதில் வந்த காசநோய் கருக்குழாய் இரண்டையும் அடைத்துவிட்டது. மலையில் அந்தச் சிகிச்சைக்கு இடமில்லை. சேலத்திலோ கருத்தரிப்பு மையங்களின் பலகைகள் தெருவுக்குத் தெரு. இரண்டு வருடம் காசு சேர்த்தார்கள். வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. இரண்டு பேரின் சம்பளமும் அவள் நகையும்தான்.

லூயிஸ் பிரவுன் பிறந்த கதையில் ஒன்று பலருக்குத் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கும் குழாய் அடைப்புத்தான். மருந்து எதுவும் கொடுக்காமல், அந்த மாதம் தானாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையைத்தான் எடுத்தார்கள். ஒரு முட்டை, ஒரு கரு, ஒரு குழந்தை. மிச்சம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. கல்கத்தாவில் முகோபாத்யாய் வேறு வழியில் போனார். மருந்து கொடுத்து முட்டைகளை முதிரச் செய்தார். உருவான கருவை 53 நாள் உறையவைத்து, பிறகு உருக்கிக் கருப்பையில் வைத்தார். இன்று உலகம் முழுவதும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். அவரை அன்று நம்பவில்லை, விசாரணைக் குழு வைத்து அவமானப்படுத்தினார்கள். 1981-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவர் சாதனையை ஏற்றுக்கொண்டது 2002-இல்தான். கருவை உறையவைத்துப் பிள்ளை பெறும் காலம் நம் நாட்டில்தான் தொடங்கியது என்றால், அதோடு வந்த கேள்விக்கும் நாம்தான் முதலில் பதில் தேடியிருக்கவேண்டும்.

இப்போது பத்துப் பதினைந்து முட்டைகள்வரை எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கருவாக்கி, ஐந்தாம் நாள்வரை வளர்த்து, ஒன்றோ இரண்டோ உள்ளே வைத்துவிட்டு, மற்றதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைக்கிறார்கள். பெண்கள் பேசும் மொழியும் மாறிவிட்டது. "நாள் தள்ளிப் போயிருக்கு" போய், "டே த்ரீ எம்ப்ரியோ, டே ஃபைவ் எம்ப்ரியோ" வந்திருக்கிறது. நாலாம் மாதத் துள்ளலுக்குக் காத்திருந்தவர்களின் பேத்திகள், எட்டு செல் இருக்கும்போதே தங்கள் பிள்ளையைப் படத்தில் பார்க்கிறார்கள். அதற்குத் தரம்கூடப் போட்டுத் தருகிறார்கள், ஏ என்றும் பி என்றும்.

ஒருநாள் தங்கை மகள் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கறுத்தது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், பூச்சி துளைத்தது ஒரு பக்கம். ஒற்றைக் கொட்டையாக உருண்டிருக்கும் பீபெரி மட்டும் தனிக் கிண்ணத்தில். பார்வை மங்கிவிட்டாலும் விரல் தடவியே பிரித்துவிடுவார்.

"பெரியம்மா, இந்தக் கட்டத்துல என்ன டிக் பண்றது?" என்றாள்.

கருக்களை உறையவைப்பதற்கான சம்மதப் படிவம் அது. 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம், கருவைப் பத்து வருடத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அதன்பிறகு அழியவிடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு, பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். மருத்துவமனையில் நர்ஸ் இந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டி, "இதெல்லாம் ஃபார்மாலிட்டிதாங்க்கா" என்றிருக்கிறார். இவளுக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் சபை ஐயரிடம் கேட்டாளாம். அவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, கர்த்தர் வழிகாட்டுவார் என்றாராம். நாற்பது வருடத்துக்கு முன்னால் அத்தைக்குக் கிடைத்த பதில்தான். கோயில்தான் வேறு.

ஆராய்ச்சி என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதன் பொருளை நான் அவளுக்கு எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ஐந்தாம் நாள் கருவின் உள்ளே ஒரு செல் கொத்து இருக்கும். உடம்பின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய குருத்தணுக்கள் அவை. அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் 1998-இல் மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்த்தார். பிரித்தெடுக்கும்போது அந்தக் கரு அழிந்துவிடும். சர்க்கரை நோய்க்கும் முதுகுத்தண்டு முறிவுக்கும் மருந்து வரும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், கரு அழிகிறதே என்ற வேதனை மறுபக்கம். அமெரிக்க அதிபர் புஷ் 2001 ஆகஸ்டில், ஏற்கெனவே உருவான செல் வரிசைகளுக்கு மட்டும் அரசுப் பணம் தரலாம் என்றார். உலகம் முழுக்கத் தேடி எடுத்த 64 வரிசைகளில் பத்து இந்தியாவில் இருந்தன, மும்பையிலும் பெங்களூரிலும். யாரோ சில இந்தியத் தம்பதிகளின் மிச்சக் கருக்கள்தான் அவை. அந்தத் தம்பதிகளும் இதைப்போல் ஒரு கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜப்பானில் ஷின்யா யமனகா ஒரு நண்பரின் கருத்தரிப்பு மையத்தில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைப் பார்த்திருக்கிறார். தன் மகள்களுக்கும் அதற்கும் எவ்வளவு குறைந்த வித்தியாசம் என்று அப்போது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கருவை அழிக்காமல் வேறு வழி தேடினார். 2006-இல் எலியின் தோல் செல்லையும் அடுத்த ஆண்டு மனிதத் தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பி, கருவின் செல்போல் ஆக்கிக் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவை அழிக்கக் கூடாது என்று வாதாடிய கிறிஸ்தவர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கருச் செல்களை ஆராய்ந்தவர்கள் சேர்த்துவைத்த அறிவு இல்லாமல் யமனகா அந்த வழியைக் கண்டிருக்க முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல சேதி உண்டு. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கி, பல சபைகள் சேர்ந்து நடத்தும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குருத்தணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, குறையுள்ள மரபணுவுக்கு மாற்றாக ஒன்றைச் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். அதன் முடிவு 2024-இல் உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. அதே சி.எம்.சி.யில் குழந்தையில்லாதவர்களுக்குச் சோதனைக் குழாய் சிகிச்சையும் உண்டு. கிறிஸ்தவர்கள் எல்லோரும் விஞ்ஞானத்துக்கு ஒரே பதிலைச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் வேலூருக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல் 'டிக்னித்தாஸ் பெர்சோனே' என்ற அறிக்கையில் மிச்சக் கருக்களைப் பற்றியே பேசியது. ஆராய்ச்சிக்குக் கொடுப்பது கூடாது. உருக்கி அழியவிடுவதும் கூடாது. வேறு தம்பதிகள் அவற்றை ஏற்றுப் பெற்றெடுப்பது நல்லெண்ணம்தான் என்றாலும் அதிலும் சிக்கல்கள் உண்டு. முடிவில், இது தீர்க்கமுடியாத அநியாய நிலை என்றே அது ஒப்புக்கொண்டது. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். உறைந்தபின் நல்ல வழி இல்லை என்றால், யோசிக்கவேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. ஜெர்மனியில் 1990 முதல் உள்ள சட்டம் அதைத்தான் செய்கிறது: ஒரு சுற்றில் வைக்கப்போகும் அளவுக்கு மட்டுமே, அதிகபட்சம் மூன்று, கருவாக்கலாம். இத்தாலியும் 2004-இல் அப்படியே சட்டம் போட்டது. பெண்களின் உடல்நலத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் மூன்று என்பது சரியல்ல என்று அங்கே நீதிமன்றம் 2009-இல் அதைத் தளர்த்தியது.

ஈரோட்டில் 2022-இல் வெளிவந்த சம்பவத்தையும் நான் மறக்கவில்லை. பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்றிருந்தார்கள். போலி ஆதாரில் வயதைக் கூட்டியிருந்தார்கள். உடம்பு சரக்காகிவிடும் என்று சபை எச்சரித்தபோது பழைய பேச்சு என்று ஒதுக்கினோம். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் அது நடந்தது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை கொட்டை பொறுக்குவதை நிறுத்தவில்லை. கிண்ணத்தில் பீபெரி ஒவ்வொன்றாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எத்தனை முட்டை எடுப்பாங்க கண்ணு?" என்றார்.

"பத்து பன்னெண்டு வரலாம் பாட்டி."

"அத்தனையும் புள்ளையா ஆக்குவாங்களா?"

"ஆக்கித்தான் வெப்பாங்க."

அத்தை முறத்தை இறக்கி வைத்தார். "எத்தனைக்கு உன்னால தொட்டில் கட்ட முடியுமோ அத்தனை ஆக்கச் சொல்லு. ஒண்ணுகூட மிச்சம்னு ஆகாத மாதிரி. மத்தது முட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்."

எந்த அறிக்கையையும் படிக்காதவர் அவர். தொட்டில் கட்டியும் பிள்ளை வராதவர். தொட்டிலில் கிடந்த பிள்ளையைச் சட்டம் தரமறுத்தவர். அவர் சொன்னது கத்தோலிக்கப் போதனை முழுவதும் அல்ல என்று எனக்குத் தெரியும். பங்குச்சாமி கேட்டால் உடன்படமாட்டார். ஆனால் எங்கள் இரண்டு கோயில்களும் அவளுக்குச் சொல்லத் தவறியதை அத்தை சொன்னார்.

மறுவாரம் சேலத்தில் அவளும் அவள் கணவரும் மருத்துவரிடம் பேசினார்கள். வாய்ப்பு குறையும், இன்னொரு முறை செலவாகும் என்று மருத்துவர் எச்சரித்தார். கேலி செய்யவில்லை, பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். பதினொரு முட்டை வந்தது. மூன்றை மட்டும் கருவாக்கச் சொன்னார்கள். எட்டை முட்டையாகவே உறையவைத்தார்கள். மூன்றில் இரண்டு ஐந்தாம் நாள்வரை வந்தன. இரண்டையும் உள்ளே வைத்தார்கள். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேராக, வேண்டாத கரு எதுவும் இல்லை என்று தன் கையெழுத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் பேருந்தில் அவள் மடியில் எதுவும் இல்லை. கை இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். பூ மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடைசி வளைவுகளில் காப்பிப் பூ வாசம் ஜன்னல் வழியே வந்தது.

ரத்தப் பரிசோதனைக்குப் பதினான்கு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கைபேசியில் நாள் எண்ணுகிறாள். அத்தை சமையலறைச் சுவரில் தொங்கும் மாதா காலண்டரில், தன் பழைய கணக்கின்படி, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறார். இரண்டு கணக்கும் வருகிற வியாழக்கிழமையில் வந்து நிற்கின்றன.